கரண்ட் போன நேரத்தில் கிடைத்த லேப்டாப்

இன்று கவிதா அக்காவுக்கு லேப்டாப் வாங்க ஓசூர் போயிருந்தோம். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்திருக்கும் முதல் வேலை. உத்தனப்பள்ளி வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை சேரணும்.

கடைக்காரர் முதலில் காட்டியதில் கீபோர்டு முழுக்கக் கலர் விளக்கு எரிந்தது.

"என்னங்க இது, மாரியம்மன் பண்டிகைக்கு சீரியல் லைட்டு போட்ட மாதிரி இருக்குது?" என்றாள் அக்கா.

ஓரத்தில் இருந்த சாதாரணமான ஒன்றுதான் எங்களுக்குக் கட்டுப்படியானது.

"பேட்டரி நிக்குங்களா? எங்கூர்ல அடிக்கடி கரண்ட் போவும்."

"நல்லா நிக்கும், நம்புங்க மேடம்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை. கடையிலேயே கரண்ட் போய்விட்டது!

கலர் விளக்கு லேப்டாப் பட்டென்று அணைந்தது. அக்கா பேட்டரி நிக்குமா என்று கேட்ட சாதாரண லேப்டாப் மட்டும் இருட்டில் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. கடையே சிரித்தது. "இதே தகொள்ளி மேடம்", அதாவது இதையே வாங்கிக்கோங்க என்று, கடைக்கு வந்திருந்த ஒருவர் கன்னடத்தில் சிபாரிசு வேறு செய்தார்.

"இதையே குடுங்க."

"பாக்ஸ்ல புதுசு இருக்குது மேடம்."

"வேண்டாங்க. கரண்ட் போனப்ப நின்னது இதுதானே."

காட்சிக்கு வைத்திருந்தது என்பதால் விலையையும் அவரே குறைத்தார்.

பஸ்ஸில் மடியில் வைத்து அணைத்தபடியே வந்தாள். ஊர் வரும்வரை முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

இந்தப் பதிவை அதில் எழுதலாமென்று பக்கத்தில் போனேன். "மொதல்ல கை கழுவிட்டு வா" என்றாள். கழுவியும் பார்த்தேன், கிடைக்கவில்லை. போனில்தான் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் புது லேப்டாப்பைத் தொட யாரிடம் அனுமதி வாங்கணும்?