கிட்வாய் நகர்ச் சந்தையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை

நனைந்த சாக்கின் வாடையினூடே கறிவேப்பிலையின் மணம் எழுந்தபோது, தில்லியில் எங்களுடைய அந்த முதற் குளிர்காலத்தில், அம்மாவின் முகம் மலர்ந்ததைக் கண்டேன். அப்பாவின் பணிமாற்றத்தால் திருநெல்வேலியை விட்டுக் கிட்வாய் நகரின் அரசுக் குடியிருப்புக்கு நாங்கள் வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அம்மாவுக்கு இந்தி தெரியாது. பள்ளி விளையாட்டுகளில் பொறுக்கிய சொற்களோடு நான்தான் வாரச் சந்தைக்கு அவளுடைய வாயும் செவியுமாக உடன் செல்வேன். "ஏட்டி, கையை விட்டுராத" என்பது அங்கு அவள் ஓயாமல் சொல்லும் சொல். பிடித்திருந்தது நானல்ல, அவள்தான் என்பது அந்தப் பிடியின் இறுக்கத்தில் தெரியும்.

கத்தரிக்காயும் முள்ளங்கியும் வாங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஊரில் வாழ்நாளெல்லாம் செய்து பழகியதைப் போலவே, அம்மா கைநீட்டி ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் காய் வாங்கியவர்களுக்கு அது 'கொசுறு'. கேட்டு எடுப்பதுதான் அங்கே வேற்றுமையாகத் தோன்றும்.

கடைக்காரர் எழுந்து பையின் வாயைப் பற்றினார். அவர் உரக்கச் சொன்னவற்றுள் எனக்கு விளங்கியவை 'பைசா', 'சோர்' என்ற இரண்டு சொற்கள்தாம். பள்ளியில் நாங்கள் ஆடிய விளையாட்டில் எல்லோரும் துரத்திப் பிடிக்கும் திருடனுக்குச் 'சோர்' என்றே பெயர். அம்மாவோ, அவர் இன்னொரு கொத்தும் போடப் பையை இழுப்பதாக எண்ணி, அவரைப் பார்த்துப் புன்னகை செய்தாள். அந்தக் கூச்சலைவிட இந்தப் புன்னகைதான் என்னை நடுங்க வைத்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றுவிட்டார்கள். எங்கள் மாடி வீட்டு ஆன்ட்டியும் அவர்களுள் ஒருத்தி. அவள் காண்பது விடிவதற்குள் குடியிருப்பின் எல்லா மாடிப்படிகளிலும் ஏறிவிடும்.

"என்னட்டி சொல்லுதாரு?"

அந்தச் சொல்லைத் தமிழாக்கி, என் வாயாலேயே அம்மாவிடம் கொடுக்கவேண்டியிருந்தது.

"கருவேப்பிலையத் திருப்பி வச்சிரும்மா. இங்க அதுக்குத் துட்டு உண்டாம்."

"அதுக்கா இம்புட்டுச் சத்தம்?"

"நீ களவாண்டுட்டன்னு சொல்லுதாரு."

புன்னகை உடனே மறையவில்லை. மறைவதற்கு வழி தெரியாததுபோல் சிறிது நேரம் உதட்டிலேயே நின்றது. பிறகு அம்மா அந்தக் கொத்தை எடுத்து, அதைக் கட்டியிருந்த வைக்கோற்புரி அவிழாமல், இருந்த இடத்திலேயே வைத்தாள். புதிதாக வந்தவர்கள், போகட்டும் என்று ஆன்ட்டி இந்தியில் கடைக்காரரிடம் பரிந்து பேசினாள். அவ்வாறு மன்னிக்கப்பட்டதால், குற்றம் உண்மையில் நடந்ததாகவே ஆயிற்று.

சினம் தணிந்த கடைக்காரர், எல்லோருக்கும் செய்வதுபோல், ஒரு பிடி கொத்தமல்லியையும் சில பச்சைமிளகாய்களையும் எங்கள் பைக்குள் எறிந்தார். அம்மா துணுக்குற்றாள். அத்தனை பேர் முன்னிலையில் கொத்தமல்லியைத் தண்டு தண்டாக எடுத்து அவருடைய சாக்கின்மீது அடுக்கினாள். முள்ளங்கிக்கு அடியில் உருண்டுவிட்ட மிளகாயையும் துழாவி எடுத்து வைத்தாள். கடைக்காரரின் முகம் வாடிற்று.

"அரே பெஹன்ஜி, யே தோ ஸப்கோ மில்தா ஹை" என்று ஆன்ட்டி சிரித்தாள்.

இங்கே அதைத்தான் எல்லோருக்கும் சும்மா கொடுப்பார்களாம் என்று நான் அம்மாவின் காதோடு சொன்னேன்.

"வேண்டாம்ட்டி. பையை நல்லா உதறிப் பாரு, வேற எதுவும் ஒட்டிக்கிட்டு இருக்கான்னு."

வீடு வரும்வரை அவள் என் கையைப் பிடிக்கவில்லை.

இன்று கிட்வாய் நகரில் அந்தத் தாழ்ந்த வீடுகள் இல்லை. அடுக்குமாடிகள் வானை மறைக்கின்றன. தில்லியில் கைப்பேசியில் கேட்டால் கறிவேப்பிலை உறையிலிட்டு வாசலுக்கே வருகிறது. அண்மையில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தபோது, அவள் பிறந்த தெருவுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள சந்தையில் காய் வாங்கினோம். கறிவேப்பிலைக் குவியல் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அம்மா கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "இது என்ன விலை?" என்று கேட்டாள்.

கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். "கருவேப்பிலைக்கு யாரும்மா துட்டு வாங்குதா? நீங்க எந்த ஊரு?"

கடைக்காரப் பெண்ணே எடுத்துப் போடட்டும் என்று அம்மா பையின் வாயை விரித்துப் பிடித்தபடி நின்றாள்.