இடது ஸ்பிரிங்குக்கு அடியில்

முதலாளியின் பழைய மோட்டார் கார் முன்பக்கம் இடதுபுறமாகச் சாய்ந்து நிற்பதை எங்கள் ஆம்பூர்த் தோல் பதனிடும் ஷாப்பில் முதலில் கவனித்தவன் மேஸ்திரியான நான்தான். கவனித்ததோடு விட்டிருக்கலாம். தோல் காயப்போடும் களத்தில் சமமான இடம் பார்த்து நிறுத்தச் சொல்லி, சக்கரங்களில் காற்றைச் சரிபார்த்து, உள்ளே இருந்த சாமான்களை இறக்கி, தரையிலிருந்து மட்கார்டு வரை அளந்தேன். இடது பக்கம் முக்கால் அங்குலம் தாழ்வு. நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு, முதலாளியிடமும் சொன்னேன்.

அவர் டிரைவரைக் கூப்பிட்டார். வேலூரிலிருந்து திரும்பும்போது இவன் எவனுக்கோ ஆவாரம்பட்டை மூட்டை ஏற்றி வந்து ஸ்பிரிங்கை உடைத்துவிட்டான் என்பது அவர் முடிவு.

"ஒரு மூட்டகூட ஏத்தல மொதலாளி."

"மேஸ்திரி அடியில போய்ப் பாக்கட்டும். ஸ்பிரிங் தகடு உடைஞ்சிருந்தா நீ இன்னிக்கே ஊரப் பாத்துப் போய்டு."

சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு மல்லாந்து உள்ளே நகர்ந்தேன். மூக்குக்கு ஒரு சாண் மேலே எண்ணெய்ப் பிசுக்கு. இடது ஸ்பிரிங்கில் ஏழு தகடு. விரலால் தடவி எண்ணினேன், ஒன்றும் உடையவில்லை. நூல் பிடித்துப் பார்த்தேன், வளைவும் வலது பக்கத்தைப் போலவேதான் இருந்தது. மிஞ்சியது ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே இருந்த தோல் மெத்தை.

கல்ரோட்டில் வண்டி தூக்கிப் போடுகிறதென்று போன மழைக்கு முன் முதலாளி வைக்கச் சொன்னது அது. நான்கு மடிப்புத் தோல், ஓர் அங்குலக் கனம். வலது பக்கம் அப்படியே இருந்தது. இடது பக்கம் சேற்றுத் தண்ணீரில் ஊறி, நசுங்கி, ஓரம் பிதுங்கி, கால் அங்குலமாகியிருந்தது. கணக்கு சரியாக வந்தது.

இரண்டையும் வெட்டிக் கொடுத்தவன் நான். வலதுக்கு முதுகுத் தோல் துண்டு கிடைத்தது. இடதுக்கு, விலைபோகிற ஒரு முழு முதுகுத் தோலை வெட்ட மனம் வராமல் வயிற்றுத் தோலைப் போட்டேன். வயிற்றுத் தோல் நசுங்கும் என்பது களத்தில் புதிதாகச் சேர்ந்த கூலிக்காரனுக்கும் தெரியும்.

வெளியே போக ஒரே வழி, நான் வந்த வழி. அங்கே முதலாளியின் பூட்ஸ். அதற்குப் பக்கத்தில் டிரைவரின் வெறுங்கால்கள். ஒரு பாதத்தின் மேல் மறுபாதத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"இன்னா மேஸ்திரி, தூங்கிட்டியா?"

"தகடு உடையல மொதலாளி. எடது மெத்தைதான் அமுங்கிப் போச்சு. அது வயித்துத் தோலு. நான்தான் போட்டேன்."

பூட்ஸ் அசையவில்லை.

"ஷாப்புல முதுகே இல்லியா?"

"இருந்தது. வெட்ட மனசு வரல."

"என் வண்டிக்கு வெட்ட மனசு வரல." பிறகு டிரைவரிடம், "நீ போய் நல்ல முதுகா ஒண்ணு எடுத்துனு வா. மேஸ்திரி, நீ வெளிய வராத, அங்கியே கெட. நீயே மாட்டு."

வெறுங்கால்கள் ஓடின. திரும்பி வந்தபோது அவன் தரையில் விரித்த தோலைக் கீழிருந்தே அடையாளம் கண்டேன். மதராசுக்கு அனுப்ப நான் தனியே எடுத்து வைத்திருந்தது. கீறல் இல்லை, உண்ணிக்கடி இல்லை. கத்தியை அதன் நட்டநடு முதுகில் வைத்தான்.

"இங்க வெட்டலாமா மேஸ்திரி?"

பூட்ஸ் அங்கேயே நின்றது. "வெட்டு" என்றேன்.