எண்ணெய் வைக்காத தலை

எங்கே தேங்காய் எண்ணெய் மணந்தாலும் எனக்குத் தலை குனிகிறது. குற்றால சீசனுக்குக் குளத்தில் படகு விட அப்பா வாங்கிய பழைய மோட்டாரில் இரண்டு சிலிண்டர். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையில் கட்டைவிரலை வைத்து ஸ்டார்ட் கயிற்றை இழுத்தால் நல்லதாயிருந்த ஒன்று காற்றழுத்தத்தில் விரலைத் தள்ளும், பிஸ்டன் ரிங் தேய்ந்த மற்றது சும்மா மூச்சுவிடும். அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டால் சற்று நேரம் அதுவும் தள்ளும் என்று கண்டுகொண்ட அப்பா, மோட்டாரை விலைபேச ஆலங்குளத்துக்காரர் வந்த காலையில், அம்மாவின் தேங்காய் எண்ணெய்க் குப்பியில் மிச்சமிருந்ததை உள்ளே ஊற்றினார்.

வந்தவர் விரல் வைத்துப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுபோல தள்ளுதே அண்ணாச்சி" என்று சிரித்தபடி வாங்கிப் போனார்.

"எண்ணெ எங்கட்டி?" என்று அம்மா என்னைக் கேட்க, "அவ தலைக்குத்தான் வச்சேன்" என்று அப்பா முந்திக்கொண்டார்.

அம்மா என் வறண்ட தலையை இழுத்து முகர்ந்தாள். அப்பா செருப்பைத் தேடினார்.