இன்ஜினியர் ஐயாவுக்கு வாங்கிய முடிச்சீட்டு

எங்கள் பண்ணைக்காட்டில் அந்நாளில் குழந்தைகள் இரண்டு இனம்: ஜீப்பில் ஏறியவர்கள், ஏறாதவர்கள். தம்பிக்கு முதல் முடி இறக்கப் பழனிக்குப் போவதென்று வீட்டில் முடிவாகி, எல்லாரையும் தம் ஜீப்பிலேயே அழைத்துப் போவதாக இன்ஜினியர் ஐயா சொல்லிவிட்ட அன்று, ஒன்பது வயதில் நான் மேலான இனத்துக்கு உயர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் அந்தச் செய்தியை எல்லாருக்கும் ஒரு முறையும், நம்பாதவர்களுக்கு இரண்டு முறையும் சொன்னேன்.

இன்ஜினியர் ஐயா மலைச்சாலையை அகலப்படுத்தும் வேலைக்காகப் பஞ்சாபிலிருந்து வந்தவர். எங்கள் காப்பித் தோட்டத்தை ஒட்டியிருந்த வீட்டில் தனியாகக் குடியிருந்தார். நீலத் தலைப்பாகை, நெஞ்சு வரை தாடி. பாறை உடைப்பவர்களிடம் கற்ற தமிழானதால், பந்தியில் மோர் கேட்கும்போதுகூட 'வெரசா, வெரசா' என்பார். எங்கள் வீட்டுப் பண்டிகைகளில் அவருக்கு ஓர் இலை எப்போதும் உண்டு.

ஒருநாள் அப்பா, இந்த முடியை எவ்வளவு காலமாக வளர்க்கிறீர்கள் என்று கேட்டார். பிறந்ததிலிருந்து என்று பதில் வந்தது. அப்பா அசந்துபோனார். எங்கள் பக்கத்தில் ஆண் ஒருவர் முடியும் தாடியும் வளர்த்தால் அதற்கு ஒரே பொருள்தான்: பழனி முருகனுக்கு நேர்ந்திருக்கிறார், காலம் வரும்போது அடிவாரத்தில் இறக்கிவிட்டு, பாரம் தீர்ந்து திரும்புவார்.

"பெறந்ததுலருந்துங்கிறாரு. பாவம், சர்க்கார் சோலி ஊர் ஊராத் தூக்கி அடிச்சிருக்கும். எறக்க வாய்க்கவே இல்ல போலருக்கு" என்று அம்மாவிடம் உருகினார்.

சென்னையில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, அப்போது விடுமுறைக்கு வந்திருந்தார். படித்ததையெல்லாம் உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"அவரு சீக்கியரு அத்தான். அவங்க மதம் வேற."

"வேறன்னா? இந்து இல்லையா?"

மாமா இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்தார். "அப்படியும் சொல்லிற முடியாது. புதுசா வந்திருக்கிற கல்யாணச் சட்டத்துல சீக்கியர், பௌத்தர், சமணர் எல்லாத்தையும் இந்துக்களோட சேத்துத்தான் எழுதியிருக்கு."

"அப்ப நம்மாளுதான? நேந்தது நம்ம முருகனுக்காத்தான் இருக்கும். இதச் சொல்ல சட்டம் எதுக்கு மாப்ள?" என்று அப்பா முடித்துவிட்டார்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பியிருந்த அடுத்த வீட்டு அத்தை தம் சாட்சியத்தையும் சேர்த்தார். "அங்கிட்டு புத்த சாமிமாரு அத்தனை பேரும் மொட்டைதான் அண்ணே. கதிர்காமத்துல சிங்களவங்களும் நம்ம முருகனத்தான் விழுந்து விழுந்து கும்புடுறாக. நான் கண்ணால பாத்தேன்."

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. பௌத்தர்கள் முடியைக் கொடுத்து முடித்தவர்கள். சீக்கியர்கள் இனிமேல்தான் கொடுக்க வேண்டியவர்கள். நாம் அவ்வப்போது கொடுப்பவர்கள். இவ்வளவு எளிய செய்திக்கு மாமா ஏன் இத்தனை தடித்த புத்தகங்களைச் சுமக்கிறார் என்றுதான் வியந்தேன்.

அந்தச் சட்டத்தைப் பின்னாளில் நானும் படித்தேன். அதில் இந்துக்களோடு சேர்க்கப்பட்ட மூன்றும், ஒரே மண்ணில் முளைத்து, வினை, மறுபிறப்பு போன்ற சொற்களைப் பகிர்ந்துகொண்டு, பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டா என்ற கேள்வியில் தம் வழியே நடந்துபோன நெறிகள். திருமணம் முதலிய காரியங்களுக்காகச் சட்டம் அந்நெறியினரை நம்மோடு ஒரே கூரையின்கீழ் நிறுத்தியது. அவர்களுக்குச் சொந்த வீடு இல்லை என்று அது எங்கும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அன்று அது அப்படித்தான் வாசிக்கப்பட்டது. அன்பு மிகுந்தவர்கள் அவசரமாக வாசிப்பதால் விளையும் கேட்டை, பகைவர்கள் செய்யும் கேட்டைப்போல் எளிதில் அடையாளம் காண முடிவதில்லை.

புறப்படும் நாளில் வெள்ளனே எழுந்து, யாரும் சொல்லாமலே குளித்து, ஜீப்பின் முன்னால் போய் நின்றேன். வத்தலக்குண்டு வரை ஒவ்வொரு வளைவிலும் நான் கத்தினேன். தம்பி வாந்தி எடுத்தான். இன்ஜினியர் ஐயா தாம் வெட்டிய பாறைகளையெல்லாம் எனக்குப் பெயர் சொல்லாத குறையாகக் காட்டிக்கொண்டே ஓட்டினார். பழனி மலை தொலைவில் தெரிந்ததும் அப்பா என் காதில், "ஐயாவுக்கும் ஒரு முடிச்சீட்டு வாங்கப் போறேன். மூச்சு விடாத" என்றார். எங்களைச் சுமந்துவரும் மனிதருக்கு எங்களால் செய்ய முடிந்த ஆகப் பெரிய உபசாரம் அது. அந்த இரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னால் ஜீப்பில் உட்கார முடியவில்லை.

சண்முக நதிக்கரையில் ஒரே கூட்டம். மேளம், காவடி, அரோகரா. மாமன் மடியில் தம்பியை வைத்ததும் அவன் போட்ட கூச்சலில் மேளம் தோற்றது. "அழாதலே, மொட்ட போட்டா மாமன் மிட்டாய் வாங்கித் தருவேன்" என்று கெஞ்சிய மாமாவின் மூக்கில் அவன் ஓங்கி அடித்தான். இன்ஜினியர் ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுவே அப்பா அவர் கையைப் பற்றி, பக்கத்துக் கல்லில் உட்காரவைத்தார். வேடிக்கை பார்க்க நல்ல இடம் தருகிறார்கள் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

நாவிதர் ஒருவர் தண்ணீர்ச் செம்போடும் கத்தியோடும் அவர் பின்னால் வந்து நின்றார்.

"தலப்பாவ எடுங்க சாமி."

மேளச் சத்தத்தில் ஐயாவுக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அந்த நீலத் துணிக்குள் என்ன இருக்கிறது என்று இரண்டு வருடமாகத் தவித்தவள் நான்.

"நா எடுக்கிறேன்!" என்று இரண்டு கைகளாலும் அதைத் தூக்கிவிட்டேன்.

உச்சியில் இறுகக் கட்டிய கொண்டை. அதில் ஒரு சிறிய மரச்சீப்பு. நான் கைதட்டினேன். நாவிதர் ஒரு கை நீரை அள்ளி அதன்மேல் விட்டார்.

ஐயா துள்ளி எழுந்தார். இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, பின்னால் நகர்ந்து நகர்ந்து ஆற்றுக்குள் முழங்கால் வரை போய்விட்டார். அவர் வாய் எதையோ அவருடைய மொழியில் திரும்பத் திரும்பச் சொன்னது. முருகன்தான் அவர்மேல் வந்துவிட்டான் என்று எண்ணிக் கூட்டத்தில் யாரோ, "அரோகரா!" என்று கூவ, நூறு குரல்கள் சேர்ந்துகொண்டன. நானும் கூவினேன், எல்லாரையும்விடச் சத்தமாக.

அம்மாதான் முதலில் புரிந்துகொண்டார். என் கையிலிருந்த தலைப்பாகையைப் பிடுங்கி, ஆற்றில் இறங்கி, அவரைப் பாராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார்.

அதைத் திரும்பக் கட்ட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அப்பா கைகளைக் குவித்தபடி நின்றார். மாமாவோ மூக்கைத் தடவிக்கொண்டு, "இல்ல சார்... சட்டப்படி நீங்களும் இந்துன்னுதான..." என்று இழுத்தார்.

"சட்டம் நல்லது" என்றார் ஐயா. "உங்க முருகனுக்கு நான் கும்பிடு போடும். நீங்க எனக்கு அண்ணன் தம்பி. ஆனா நான் சீக்கியன். இந்த முடி எங்க குரு சொன்னது. வெட்டக்கூடாது."

மாலையில், நாங்கள் தரிசனம் முடித்து இறங்கும் வரை காத்திருந்து, அவரே எங்களை அழைத்துவந்தார். மலைச்சாலை ஏறத் தொடங்கிய பிறகும் அப்பாவால் ஆறுதலடைய முடியவில்லை. "எங்க ஊருல முடி கொடுக்கிறது பெருமைங்க. அவமானப்படுத்தணும்னு செய்யலைங்க."

"தெரியும் ஐயா. நீங்க அன்பு." ஜீப்பை ஒரு வளைவில் திருப்பினார். "முன்னாடி ஒரு தடவை வெட்டிட்டாங்க. நாடு பிரிஞ்சப்ப. ரயில்ல இருந்து எறக்கி, ஆறு பேர் பிடிச்சாங்க. என் அண்ணன் வேண்டாம் சொன்னான். அவனை எறக்கின இடத்துலயே விட்டு வந்தேன்."

அம்மா தம்பியின் மொட்டைத் தலையைத் தம் முந்தானையால் மூடி, மார்போடு சேர்த்துக்கொண்டார்.

எனக்கோ பெரிய நிம்மதி. பாவம், கொடுக்கவே வாய்க்காதவர் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தோம். ஒரு தடவையாவது கொடுத்திருக்கிறார்! முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, மகிழ்ச்சி தாங்காமல் கேட்டேன்:

"எந்தக் கோயில்லங்கய்யா?"