வெள்ளைக்காரனுக்குப் பதிலாக விழுந்தவன்

தமேகிச்சியை ஜூடோக் கூடத்துக்குக் கூட்டிப்போனது அவன் திறமைக்காக அல்ல, உயரத்துக்காக. ஆறரை அடி இருப்பான். டோக்கியோவின் கிபா மரக்கிடங்கில், தண்ணீரில் மிதக்கும் தடிகளின் மேல் நின்று கொக்கிக் கழியால் அவற்றைத் தள்ளி ஒதுக்குவது எங்கள் வேலை. நான் மேஸ்திரி. அவன் வடக்கே அகிதாவிலிருந்து வந்தவன். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் ஜூடோ பழகியிருந்தான்.

அது 1964. அக்டோபரில் எங்கள் ஊரில் ஒலிம்பிக். ஜூடோவையும் சேர்த்திருந்தார்கள். எங்கள் விளையாட்டு, எங்கள் பாய், எவனிடமும் தோற்க மாட்டோம் என்றுதான் எல்லோரும் பேசினோம். ஆனால் எடை வரம்பில்லாத பிரிவுக்கு ஒரு வெள்ளைக்காரன் வரப்போகிறான் என்றதும் கூடத்தில் பேச்சு மாறியது. மலை மாதிரி ஆள். அவனை எதிர்க்கப் போகிற எங்கள் சாம்பியன் முராகோஷி, அந்த உடம்புக்குப் பழக வேண்டும். அப்படியொரு உடம்பைத் தேடித்தான் வசந்த காலத்தில் இச்சினோசே வாத்தியார் எங்கள் கிடங்குக்கு வந்தார்.

தமேகிச்சியைச் சுற்றி வந்து, மாட்டைப் பார்ப்பது போல முதுகைத் தட்டிப் பார்த்தார்.

"விழத் தெரியுமாடா?"

"தெரியும், வாத்தியாரே."

"அது போதும்."

எங்கள் முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. தேசத்துக்கு ஆள் கொடுத்தோம் என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அன்று முதல் கூடத்தில் அவனுக்குப் பெயர் 'வெள்ளைக்காரன்'. காலையில் நூறு தடவை, சாயங்காலம் நூறு தடவை முராகோஷி அவனைத் தூக்கி எறிவான். மிச்ச நேரத்தில் மற்றவர்கள் எறிவார்கள். "என்ன வெள்ளைக்காரா, இன்னிக்கு சோத்தக் குச்சியால தின்னியா, முள்ளுக்கரண்டியாலயா?" என்பார்கள். ஜூன் மாதம் விலா எலும்பில் கீறல் விழுந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் போனான்.

அவனோ அதை வேலையாகவே எடுத்துக்கொண்டான். நிஜ வெள்ளைக்காரன் ஆடிய படச்சுருளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, நடை, பிடி, மூச்சு வாங்குகிற விதம் வரைக்கும் பழகினான். தங்கும் விடுதியில் என்னையே கீழே போட்டுப் பிடித்துப் பார்ப்பான்.

ஆகஸ்ட்டில் ஒருநாள் முராகோஷியின் வீச்சு தவறியது. இருவரும் விழுந்தார்கள். தமேகிச்சி படத்தில் பார்த்தபடியே பக்கவாட்டில் சரிந்து, சாம்பியனின் கழுத்தைக் கைக்குள் வளைத்து, கையை இழுத்து அமுக்கிவிட்டான். முப்பது விநாடி தாண்டினால் தோல்வி. முராகோஷியால் அசைய முடியவில்லை.

வாத்தியாரின் மூங்கில் கழி தமேகிச்சியின் முதுகில் இறங்கியது.

"யாருடா ஒன்ன ஜெயிக்கச் சொன்னது?"

"அந்த வெள்ளைக்காரன் இப்படித்தான் புடிப்பான், வாத்தியாரே. முராகோஷி அண்ணனோட எடது பக்கம் தொறந்து கெடக்கு. அதச் சொல்லத்தான்..."

"தடி தள்ற பயல் எனக்குப் பாடம் சொல்றியா? சாம்பியன் மனசு ஒடைஞ்சா யார்டா பொறுப்பு?"

அன்று மாலை ஏழு பேர் வரிசையில் நின்று அவனை எறிந்தார்கள். ஏழாமவன் எறிந்தபோது முழங்கால் திரும்பிக்கொண்டது. ஒரு துண்டைப் பரிசாகக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முராகோஷி சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தானாம்.

விடுதிக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு தமேகிச்சி என்னிடம் சொன்னான்: "அமுக்கிப் புடிச்சிருந்தேன்ல, அப்ப முராகோஷி என் காதுல சொன்னாரு அண்ணே. 'விட்றாத, இதுலேருந்து வெளிய வரக் கத்துக்கணும்'னாரு."

"பெறகு ஏண்டா விட்ட?"

"கழி விழுந்துச்சே."

போட்டியன்று கிடங்கு அலுவலகத்தில் முதலாளி தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தார். நாங்கள் முப்பது பேர் நெருக்கியடித்து நின்றோம். ஒன்பதாவது நிமிஷம் முராகோஷியின் வீச்சு தவறியது. வெள்ளைக்காரன் பக்கவாட்டில் சரிந்து அதே பிடியைப் போட்டான். தமேகிச்சி பெட்டிக்கு முன்னால் குனிந்து, "எடது தோள, எடது தோள எடுங்க அண்ணே" என்று முனகிக்கொண்டே இருந்தான். முப்பது விநாடி முடிந்தது. அரங்கத்தில் ஜனங்கள் அழுதார்கள். எங்கள் அலுவலகத்திலும் அழுதார்கள்.

அந்த நேரத்தில்தான் நான் அதைச் சொன்னேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன்.

"நம்ம வெள்ளைக்காரன் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா இந்த வெள்ளைக்காரன் ஜெயிச்சிருப்பானா?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி சொன்னார்: "அதானே. தின்னுபுட்டு சும்மா விழுந்துருக்கான்."

வாத்தியாரும் பத்திரிகைக்காரர்களிடம் பயிற்சிக்கு வந்த ஆள் சோம்பேறி என்று சொல்லியிருந்தார். என் பேச்சும் அவர் பேச்சும் ஒன்று சேர்ந்து பொதுக் குளியல்கூடம், சாராயக்கடை எல்லாம் சுற்றிவந்தன. மடங்காத முழங்காலோடு தடி மேல் நிற்க முடியாமல் அவன் இரண்டு தடவை தண்ணீரில் விழுந்தான். கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். மூன்றாம் தடவை முதலாளி அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவினான். கல்யாணம் ஆகவில்லை.

முராகோஷியோ தோற்றும் தலைவணங்கிய பெருந்தன்மைக்காரன் என்று பெயர் எடுத்தான். இருபத்தொன்பது வருஷம் கழித்து இறந்தபோது அந்தப் போட்டியை நினைவுகூர்ந்து பழைய கூடத்தில் கூட்டம் நடந்தது. தமேகிச்சி போக வேண்டும் என்றான். நான் கூடப் போனேன்.

சக்கர நாற்காலியில் இருந்த வாத்தியார் அவனை அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, நம்ம வெள்ளைக்காரன். வாடா, அந்தப் பிடி எப்படின்னு இவங்களுக்குக் காட்டு."

ஒரு வாலிபன் பாயில் படுத்தான். தமேகிச்சி விறைத்த காலை இழுத்து, சரிந்து, பிடித்துக் காட்டினான். புகைப்படம் எடுத்தார்கள். விட்ட பிறகு அவனால் எழுந்திருக்க முடியவில்லை. "வெள்ளைக்காரனே கவுந்துட்டான்" என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. நான் போய்த் தூக்கினேன்.

முராகோஷியின் மனைவி எங்களிடம் வந்தாள். நல்ல அமைதியான முகம்.

"எங்க வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் ஒங்களப் பத்திச் சொல்லுவாரு."

தமேகிச்சியின் முகம் மலர்ந்தது. "என்னம்மா சொன்னாரு?"

"அந்தப் பிடிய ஒருநாள்கூட நீங்க சரியாப் போட்டதில்லையாம். போட்டிருந்தா தப்பிக்கப் பழகியிருப்பேன்னு சொல்லுவாரு. அதுக்காக நான் ஒங்களக் கோவிச்சுக்கல."

அவன் இடுப்பு வரை குனிந்து, "மன்னிச்சுருங்கம்மா" என்றான். உண்மை தெரிந்த நான் பக்கத்திலேயே நின்றேன்.

திரும்பும் ரயிலில் கேட்டேன். "ஏண்டா சொல்லல?"

அவன் விறைத்த காலைக் கையால் தூக்கி நீட்டி வைத்துக்கொண்டான்.

"அந்தம்மா சொன்னதுல என்ன தப்பு அண்ணே? அவரு விடாதன்னாரு. நான் அடிக்குப் பயந்து விட்டேன்."

அடுத்த பிப்ரவரியில் அவன் குளிர்க்காய்ச்சலில் செத்துப்போனான். சவப்பெட்டி நீளம் போதவில்லை. எரியூட்டுகிறவர்கள் விறைத்த அந்த முழங்காலை உடைத்து மடக்கித்தான் மூடினார்கள். சத்தம் எனக்குக் கேட்டது.