உறவினர் இல்லாத ஊர்

நான் ஓய்வூதியம் பெறத் தொடங்கிய வசந்த காலத்தில், ஐரோப்பாவின் சில நகரங்களைப் புகையிரதத்தில் சென்று பார்த்துவருவதென்று நானும் என் மனைவியும் தீர்மானித்தோம். பாரிஸில் நெடுங்காலம் வாழ்ந்தும், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் சமையல் வேலை பார்த்த உணவகத்துக்கும் அதற்கு அடுத்த பகுதியான ஸ்டாலின்கிராட்டில் உள்ள வீட்டுக்கும் இடையிலேயே என் போக்குவரத்து அமைந்திருந்தது. திருமணங்களுக்கும் மரணச் சடங்குகளுக்கும் அயல்நாடுகளுக்குப் போனதுண்டு. ஆனால் ஊர்களைப் பார்த்ததில்லை, மண்டபங்களையே பார்த்திருக்கிறோம்.

பயணத்தைத் திட்டமிடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: வெனிஸ் நகரில் இரண்டு நாட்கள் நிற்க வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் அந்த ஊரைத் தொலைக்காட்சியில் கண்டு ஆசைப்பட்டிருப்பார் என்று எண்ணி, காரணம் வினவாமல் ஒப்புக்கொண்டேன்.

ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த எம்மவர் ஐரோப்பாவின் வரைபடத்தைப் பார்க்கும் முறை தனியானது. பாசல் என்றால் என் தங்கை வீடு. சூரிச் என்றால் மனைவியின் தம்பி வீடு. ஸ்ருட்கார்ட் என்றால் பெரியப்பாவின் மகன் வீடு. ஒரு வீட்டில் தங்கி மற்றொன்றைத் தவிர்த்தால், அந்த மனத்தாங்கல் அடுத்த திருமணம் வரையில் நீடிக்கும். ஆகவே எல்லா வீடுகளுக்கும் இரவுகளைச் சமமாகப் பங்கிட்டேன். செய்தி பரவியதும், லா சப்பலில் வாங்கிவர வேண்டியவற்றை ஒவ்வொரு வீட்டாரும் சொல்லத் தொடங்கினர். ஒருவருக்குப் பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா, இன்னொருவருக்குக் கருவாடு, தங்கைக்கு, பேத்தி பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டுக்கு உடுக்கப் பட்டுச் சேலை. கைபேசியில் புகையிரதங்களைத் தேடிக்கொண்டிருந்த எங்கள் மகள், வண்டி மாறும் இடங்களில் சில நிமிடங்களே கிடைக்கும், இவ்வளவு பொதிகளோடு யார் ஓடுவது என்று பிரெஞ்சில் கேட்டாள். சக்கரம் பூட்டிய பெட்டி வாங்கலாம் என்றேன்.

இவ்வாறு ஒவ்வொரு நகருக்கும் ஒரு வீடு அமைந்தபின், வெனிஸ் மட்டும் வீடின்றி நின்றது. அது எனக்குப் பெருங்குறையாகத் தோன்றியது. வழக்கமாக மரக்கறி வாங்கும் கடைக்காரரிடம் விசாரித்தேன். அவர் அப்பொழுதே போன் எடுத்து, வெனிசுக்கு அருகில் வசிக்கும் தம் நண்பரைப் பிடித்துத் தந்தார். பேசிப் பேசி, அந்த நண்பரின் மனைவி எங்கள் அயலூர் என்பதும் தெரியவந்தது. ஹொட்டேலில் எதற்கு, எங்கள் வீட்டிலேயே தங்குங்கள் என்று நண்பர் வற்புறுத்தினார். வருவதாக வாக்களித்தேன்.

பெருமையோடு வீடு வந்து இதைச் சொன்னபோது, மனைவி முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

“அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையெண்டுதானே அந்த ஊரைக் கேட்டனான்.”

அவர்கள் நல்ல மனிதர்கள் என்றேன்.

“எல்லாரும் நல்ல ஆக்கள்தான். நீங்கள் ஹோலுக்குள்ளை இருந்து அரசியல் கதைப்பியள். நான் சூரிச்சிலையும் வெங்காயம் உரிப்பன், ஜேர்மனியிலையும் வெங்காயம் உரிப்பன். வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம். அதுக்காகச் சும்மா இருக்கேலுமே? ஒரு ஊரிலையாவது ஆரோ சமைச்சதைச் சாப்பிட்டிட்டு, தண்ணியைப் பாத்துக்கொண்டு இருப்பம் எண்டு பாத்தன்.”

மறுபடி முருங்கையிலை ஆயத் தொடங்கினார். நான் இதுவரை போன வீடுகளை நினைத்துப் பார்த்தேன். எங்கும் எனக்குத் தேநீர் வந்திருக்கிறது. இரண்டாம் முறை அதைக் கொண்டுவந்தவர் பெரும்பாலும் என் மனைவியே.

வருவதாகச் சொன்ன வீட்டை மறுப்பது எளிதன்று. மறுநாள் லா சப்பலில் மெற்றோப் பாலத்தின் கீழ் நின்று இத்தாலியில் உள்ள அந்த நண்பரை அழைத்தேன். முழங்கால் நோவு, வண்டி நேரம் ஒத்துவரவில்லை என்று பொருத்தமான பொய்கள் சில ஆயத்தமாக இருந்தன. மேலே வண்டி போன சத்தத்தில் பேச்சை நிறுத்த நேர்ந்தது. அது கடந்து போனதும் பொய்களை விட்டுவிட்டு, என் மனைவி இரண்டு நாட்கள் எவர் வீட்டிலும் விருந்தினராக இராமல் இருக்க விரும்புகிறார் என்று உள்ளபடியே கூறினேன். நண்பர் மனம் நொந்துவிடுவார் என்றே எண்ணினேன். பின்னர் அவர் பக்கத்தில் யாருக்கோ விடயத்தை விளக்குவது கேட்டது. உடனே ஒரு பெண்குரல் போனுக்கு வந்தது.

“அண்ணை, நான் அவரின்ரை மனிசி. நீங்கள் நிக்கப்போற ஹொட்டேலிலை எனக்கும் ஒரு அறை போடலாமோ எண்டு அக்காட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ. வெனிஸ் பாக்க வாற ஆக்களுக்கெல்லாம் சமைச்சு அனுப்பிறதுதான் என்ரை வேலை. நான் போய்ப் பாத்தது குறைவு.”

வீட்டில் இதைச் சொன்னேன். மனைவி மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு முந்திய நாளிலிருந்து காணாத சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

“வரச் சொல்லுங்கோ. ஆனால் கறி ஒண்டும் கட்டிக்கொண்டு வரக்கூடாது.”

மகள் அன்று மாலையே ரிக்கெற்றுகளை எடுத்தாள். வெனிஸ் முதலில், உறவினர் வீடுகள் திரும்பும் வழியில். கருவாட்டையும் சேலையையும், சுவிஸிலிருந்து காரில் லா சப்பலுக்குச் சாமான் வாங்க வருபவர்கள் எடுத்துச் செல்வது என்று ஏற்பாடாயிற்று.

கறி பற்றிய நிபந்தனையை இத்தாலிக்குத் தெரிவித்தபோது போன் எடுத்தவர் கணவர். அந்த இரண்டு நாட்களும் தனக்கு யார் சமைப்பது என்று கேட்டார். பருப்புக்கறி வைக்கும் முறையைப் போனிலேயே சொல்லிக்கொடுத்தேன்.