மூன்றாவது தடவை கூப்பிட்டால்

திகில் கதையில் நாய் ஊளையிட்டே ஆக வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. ஈப்போவில் எங்கள் வாசகர் வட்டம் கொண்டுவந்த பேய்க்கதைத் தொகுப்புக்கு நான் கொடுத்த கதையில் நாயே கிடையாது. தொகுப்பாசிரியர் ஒன்றைச் சேர்த்துவிட்டார். வாக்கியத்துக்கு வாக்கியம் மூன்று புள்ளி வேறு. பக்கமே கொசு மொய்த்தது போல் இருந்தது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் கதையின் உயிரே ஒரு பழக்கத்தில்தான் இருந்தது. நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்க மாட்டோம். மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் வாயைத் திறப்போம். மனுஷன் என்றால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான், ‘அது’ கூப்பிடாது. அதற்குப் பதில் கொடுத்தவர் அதிக நாள் தாங்க மாட்டார். தோட்டம் போய் அங்கே வீடமைப்புக் குடியிருப்பு வந்தாயிற்று. இன்றும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் என் அக்கா மூன்றாவது அழைப்பில்தான் எடுப்பாள்.

கதையில், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பட்டப்பகலில் தனியாக இருக்கும் ஒருத்தியை வாசலிலிருந்து ஒரு குரல் “அக்கா” என்கிறது. அவள் பேசாமல் இருக்கிறாள். மறுபடியும் “அக்கா”. அப்புறம் சத்தமே இல்லை. அவள் அரிசி களைகிறாள், உலை வைக்கிறாள், வெங்காயம் உரிக்கிறாள். வாசிக்கிறவர் அந்த மூன்றாவது குரலுக்காகக் காத்துக்கிடக்க வேண்டும். அது வருகிறது, ஆனால் வீட்டுக்குள்ளிருந்து.

தொகுப்பாசிரியர் ஈப்போ டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். இரண்டு குரலை வெட்டிவிட்டார். புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். ஒரு தடவை கூப்பிடுகிறதாம், இவள் “யாரு?” என்கிறாளாம், கதவைத் திறக்கிறாளாம், நாய் ஊளையிடுகிறதாம்.

“ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க?”

“ஒரே வார்த்தை மூணு வாட்டி வருதுலா, தங்கச்சி. கூறியது கூறல் குத்தம்னு இலக்கணமே இருக்கு. நடுவுல வெங்காயம் வேற. சஸ்பென்ஸ் செத்துப் போவும்.”

“அந்த வெங்காயந்தாண்ணே சஸ்பென்ஸ்.”

அவர் சிரித்தார். வெளியீட்டு விழாவுக்கு எங்கள் தோட்டத்து ஆட்கள் வேன் பிடித்து வருவதாக இருந்தார்கள். முதல் குரலுக்கே பதில் கொடுக்கிற ஒருத்தியை நான் எழுதியதாக நினைத்தால், அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அவர்கள் என் கதையைக் கேட்டுப் பயப்பட வேண்டும். எனக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மேடையில் புத்தகத்தைப் பேருக்குக் கையில் பிடித்துக்கொண்டு, நான் எழுதியபடியே கதையைச் சொன்னேன். “அக்கா” என்று கூப்பிட்டு நிறுத்தினேன். மண்டபத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. எங்கள் ஆட்கள் வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முன் வரிசையில் இருந்த தொகுப்பாசிரியர், நான் வரியை மறந்துவிட்டேன் என்று நினைத்து, தான் எழுதிய அடுத்த வரியை உரக்க எடுத்துக் கொடுத்தார்.

“யாரு?”

தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவருக்குப் பக்கத்தில் இருந்த தோட்டத்து அம்மா ஒருவர், கைப்பையை எடுத்துக்கொண்டு பின் வரிசைக்குப் போய்விட்டார்.

நான் இரண்டாவது தடவை கூப்பிட்டேன், வெங்காயம் உரித்தேன், உயிரைக் கொடுத்து மூன்றாவது குரலையும் சொன்னேன். ஒருவர் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு வரிசையில் தோட்டத்து மாமா ஒருவர் என்னிடம் வந்தார்.

“கதை நல்லா இருந்துச்சு,” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “பாவம், அவருக்குப் புள்ளைங்க இருக்கா?”